தாமதமாக வந்து சேர்ந்த படங்கள்: யூனிவர்சலின் எண்பதுகள், நம் அனுபவங்கள்

மினியாப்பொலிஸிலிருந்து:

1982 ஜூன் மாதத்தில் நான் லாஸ் ஏஞ்சலிஸில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். யூனிவர்சல் ஸ்டுடியோ அந்த ஒரே மாதத்தில், இரண்டு வார இடைவெளியில், இரண்டு வேற்றுகிரகவாசிகளை ஊருக்குள் இறக்கிவிட்டது. ஜூன் 11 அன்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வந்தது. ஜூன் 25 அன்று ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’ வந்தது. இரண்டையும் ஒரே திரையரங்கில் பார்த்தேன்.

‘ஈ.டி.’க்கு வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. பூமியில் தனித்துவிடப்பட்ட ஈ.டி.யும் அதற்கு அடைக்கலம் கொடுத்த சிறுவனும் பிரியும் கட்டத்தில் அரங்கு முழுவதும் மூக்கை உறிஞ்சும் ஒலி. என் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். பாப்கார்னோடு கொடுத்த காகிதக் கைக்குட்டைகளில் ஒன்றை உருவி, என் முகத்தைப் பார்க்காமலேயே என் பக்கம் நீட்டினார். வெண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய அந்தத் தாளால்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஊரை விட்டு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. வீடு திரும்ப வழி தெரியாமல் தவிக்கும் ஓர் உயிரைப் பார்த்து நான் அழுததற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

அடுத்த படத்துக்கு அரங்கில் பாதிக்கு மேல் காலி. அண்டார்க்டிகாவில் ஓர் ஆய்வு நிலையம், பன்னிரண்டு ஆண்கள், அவர்களுக்குள் புகுந்து யாருடைய உருவத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் ஓர் உயிர். மார்பில் மின்னதிர்ச்சி கொடுக்க மருத்துவர் குனிய, அந்த மார்பே வாயாகப் பிளந்து அவர் கைகளைத் துண்டிக்கும் காட்சியில் எனக்கு முன்வரிசையில் இருந்த தம்பதியர் எழுந்து போய்விட்டார்கள். நானும் வெளியே வந்தபோது ஏமாற்றமும் குமட்டலும்தான் மிஞ்சின. இரண்டு வாரத்துக்கு முன் என்னை அணைத்துக்கொண்ட ஸ்டுடியோ இப்போது கன்னத்தில் அறைந்துவிட்டதாகவே தோன்றியது.

நாடே அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சுமார் ஒரு கோடி டாலரில் எடுத்த ‘ஈ.டி.’ அமெரிக்காவில் முதல் ஓட்டத்திலேயே 35 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 1993இல் அதே யூனிவர்சலின் ‘ஜுராசிக் பார்க்’ வரும்வரை உலக வசூலில் அதை எந்தப் படமும் மிஞ்சவில்லை. ஒன்றரைக் கோடி செலவான ‘தி திங்’ இரண்டு கோடியைக்கூட எட்டவில்லை. அடுத்து இதே நிறுவனத்துக்குக் கார்ப்பென்டர் இயக்கவிருந்த ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ அவர் கையை விட்டுப் போனது. என்னியோ மோரிகோனின் இசையை அந்த ஆண்டின் மிக மோசமான இசைக்கான பரிசுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. இதயத் துடிப்பைப் போல் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே இருக்கும் அந்த இசை இல்லாவிட்டால் அந்தப் பனிவெளிக்கு உயிரே இல்லை.

என் கண் திறந்தது 1986 ஜனவரியில். வேலை கிடைத்து மினியாப்பொலிஸுக்கு வந்திருந்தேன். இரண்டு நாளாகப் பனி விடாமல் கொட்டியது. வீடியோ கடையில் வேறு எதுவும் மிச்சமில்லாததால் அந்தக் கேசட்டை எடுத்து வந்தேன். தனியாக இருந்து பார்த்தபோதுதான் புரிந்தது: பயம் அந்தக் கோரத்தில் இல்லை, நேற்று வரை ஒன்றாகச் சாப்பிட்டவனை இன்று நம்ப முடியாமல் போவதில் இருக்கிறது. எல்லோரையும் கட்டிப்போட்டு, ஒவ்வொருவர் இரத்தத்திலும் சூடேற்றிய கம்பியை முக்கிச் சோதிப்பார்களே, அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறப்பதற்கு ஒரு கணம் தயங்கினேன். எதிர்வீட்டுக்காரர், காரை மூடிய பனியை அள்ள மண்வாரி கேட்டு வந்திருந்தார்.

அந்த உருவங்களை வடிவமைத்த ராப் போட்டினுக்கு அப்போது வயது இருபத்திரண்டுதான். கணினி வரைகலை கிடையாது. எல்லாமே ரப்பரும் கம்பியும் மனிதக் கைகளும். ஓய்வில்லாமல் உழைத்து மருத்துவமனையில் சேரும் நிலைக்குப் போனார். வெளியே லாஸ் ஏஞ்சலிஸ் வெயில் கொளுத்த, ஸ்டுடியோ அரங்கைக் குளிரூட்டி, நடிகர்களின் மூச்சு புகையாகத் தெரியும்படி படமெடுத்திருக்கிறார்கள். நான் அந்த நகரில் வியர்த்து நடந்த காலமும் ஏறக்குறைய அதுதான்.

அதனால்தான் கேட்கிறேன். யூனிவர்சலின் அந்தப் பத்தாண்டுப் படங்களில், வெளியான நாளில் அல்லாமல் பிறகொரு நாள் உங்களிடம் வந்து சேர்ந்த படம் எது?

டெட்ராய்ட்டிலிருந்து:

அண்ணா, எனக்கு அது ‘சம்வேர் இன் டைம்’. 1980 அக்டோபரில் வந்த படம். அப்போது நான் மன்னார்குடியில் ஏழாம் வகுப்பு. அப்படியொரு படம் இருப்பதே தெரியாது. திருமணமாகி மிச்சிகன் வந்த பிறகு, ஒரு மழை நாளில் கேபிள் தொலைக்காட்சியில் பாதியிலிருந்து பார்த்தேன். பழைய புகைப்படத்தில் கண்ட நடிகை ஒருத்தியைத் தேடி, மனத்தை ஒருமுகப்படுத்தியே 1912க்குப் போய்விடும் ஓர் எழுத்தாளனின் கதை. கிறிஸ்டோபர் ரீவும் ஜேன் செய்மூரும் நடித்தது. வெளியான சமயத்தில் நடிகர்களின் வேலைநிறுத்தம் நடந்ததால் அவர்கள் படத்தைப் பற்றிப் பேசக்கூட முடியவில்லை. விமர்சகர்களும் கைவிட்டார்கள். பிறகு கேபிள் தொலைக்காட்சிதான் அதைத் தூக்கி நிறுத்தியது. ஹாங்காங்கில் மட்டும் மாதக்கணக்கில் ஓடியதாம்.

படமெடுத்த இடம் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. ஹியூரான் ஏரியில் மாக்கினாக் தீவு. அங்கே மோட்டார் வண்டிகளுக்கு 1898 முதல் தடை. படப்பிடிப்புக்கு மட்டும் தனி அனுமதி வாங்கி வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். 1887இல் கட்டிய கிராண்ட் ஹோட்டலில் ஒவ்வோர் அக்டோபரிலும் இந்தப் படத்தை நேசிப்பவர்கள் கூடுகிறார்கள். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என் கணவர் அழைத்துப் போனார்.

படகிலிருந்து இறங்கியதுமே குதிரைச் சாணமும் காய்ச்சிய சர்க்கரையும் கலந்த ஒரு மணம். தெரு முழுக்கக் குளம்பொலி. ஹோட்டலின் நீண்ட வெள்ளைத் திண்ணையில் 1912 பாணியில் அகலத் தொப்பியும் தரை தொடும் கவுனுமாகப் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அப்படி உடுத்த மனம் வரவில்லை. என் பாட்டியின் கூறைப்புடவையை எடுத்துப் போயிருந்தேன். அரக்கு நிறம், மடிப்புகளில் இற்றுப்போன பட்டு. கட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்தபோது ஒரு மூதாட்டி கையால் தொடலாமா என்று அனுமதி கேட்டார். சரிகையைத் தடவிப் பார்த்து, “இதுவும் 1912ஆ?” என்றார். “இல்லை அம்மா, 1938” என்றேன். எங்கள் பாட்டி எப்படி இருப்பார், அவருக்கு என்ன வயதில் திருமணம், யார் நெய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

படத்தில் அவன் சட்டைப்பையில் 1979ஆம் ஆண்டுக் காசு ஒன்று கிடக்கும். அதைப் பார்த்த கணமே கடந்த காலம் அவனை உதறித் தள்ளிவிடும். அன்றிரவு அறைக்கு வந்ததும் என் கைப்பையைத் திறந்து சில்லறையை எல்லாம் மேசை மேல் கொட்டிவிட்டுத்தான் தூங்கினேன். பாட்டியின் புடவையை மறுநாளும் கட்டினேன்.

நியூஜெர்சியிலிருந்து:

ஐயா, தாமதமாக வந்ததைப் பற்றி நீங்கள் கேட்கிறீர்கள். சரியான நேரத்தில் வந்த படத்துக்காக ஒருவர் பேச வேண்டாமா? ‘பேக் டு தி ஃபியூச்சர்’ 1985 ஜூலை 3 அன்று வந்தது, அந்த வாரமே பார்த்தேன், அந்த ஆண்டு அமெரிக்காவில் முதலிடமும் அதற்குத்தான். ஆனால் அதுவும் எளிதாக நம்மிடம் வரவில்லை. கொலம்பியா ஸ்டுடியோ வேண்டாம் என்றது, டிஸ்னி வேண்டாம் என்றது. எரிக் ஸ்டோல்ட்ஸை வைத்து வாரக்கணக்கில் எடுத்துவிட்டு அவரை மாற்றினார்கள். பகலில் தொலைக்காட்சித் தொடர், இரவில் இந்தப் படம் என்று, அவருக்குப் பதில் வந்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் தூக்கமில்லாமல் நடித்தார். யூனிவர்சலின் தலைவர் சிட் ஷைன்பெர்க் ‘ஸ்பேஸ்மேன் ஃப்ரம் புளூட்டோ’ என்று பெயரை மாற்றச் சொன்னார். நல்ல நகைச்சுவை, எல்லோரும் சிரித்தோம் என்று இந்தப் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளரான ஸ்பீல்பெர்க் பதில் அனுப்பியதும் பேச்சு அத்தோடு நின்றது.

அதே ஷைன்பெர்க்தான் அதே ஆண்டில் டெர்ரி கில்லியமின் ‘பிரேசில்’ படத்தை முடிவை மாற்றாமல் வெளியிட மாட்டேன் என்று பிடித்துவைத்திருந்தார். என் படத்தை எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று ‘வெரைட்டி’ பத்திரிகையில் முழுப்பக்கக் கேள்வி போட்டார் கில்லியம். லாஸ் ஏஞ்சலிஸ் விமர்சகர்கள் சங்கம், அமெரிக்கத் திரைக்கே வராத அந்தப் படத்தை ஆண்டின் சிறந்த படமாக அறிவித்த பிறகுதான் கதவு திறந்தது. ஸ்டுடியோக்களுக்கு மனச்சாட்சி பிறருடைய கைதட்டலில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஹூஸ்டனிலிருந்து:

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு என் அம்மாவின் நினைவு வந்தது.

‘ஈ.டி.’ வீட்டுக் கேசட்டாக வருவதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின. 1988 அக்டோபர் 27. அதற்குள் உலகெங்கும் திருட்டுப் பிரதிகள். அசல் எது என்று தெரிய, கேசட்டின் முன்மூடியையும் நாடா சுற்றும் சக்கரங்களையும் பச்சை பிளாஸ்டிக்கில் செய்திருந்தார்கள். கறுப்புப் பெட்டிக்குள் இளம் வாழையிலைப் பச்சை. கடையில் அதை முதன்முதலாகத் திறந்து பார்த்த மகிழ்ச்சி இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. வீட்டில் பதிவு செய்யும் கருவியே கூடாது என்று 1976இல் அதை விற்ற சோனி மீது வழக்குப் போட்டவர்கள் யூனிவர்சலும் டிஸ்னியும். 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தோற்றவர்களுக்கே அந்தக் கேசட் பணத்தைக் கொட்டியது. 1990இல் யூனிவர்சலின் தாய் நிறுவனத்தை வாங்கியதும் வீடியோ கருவி செய்யும் மட்சுஷிட்டாதான்.

1989 மே மாதம் விடுமுறைக்குத் திருச்சிக்குப் போனபோது அந்தக் கேசட்டைப் பெட்டியில், அம்மாவுக்கான கம்பளிச் சால்வைக்குள் சுற்றி எடுத்துப் போனேன். ஒருநாள் வாடகைக்கு டெக் எடுத்து, அத்தை வீடு, எதிர்வீடு எல்லோரையும் கூப்பிட்டாகிவிட்டது. அமெரிக்காவின் முறையில் பதிந்த நாடா நம் ஊர்க் கருவியில் ஓடாது என்று எனக்கு உறைக்கவே இல்லை. பொறியாளன் என்று பெயர். படம் கறுப்பு வெள்ளையில் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. நாடாவின் வேகமும் வேறு, அதனால் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ இழுத்து இழுத்துப் பேசுவதுபோல் கேட்டன. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விட்டார்கள். பெரியவர்கள் காபி குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அம்மா மட்டும் எழவில்லை. “நீ கதையைச் சொல்லடா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். உருளும் திரையைப் பார்த்தபடியே இரண்டு மணி நேரம் சொன்னேன். அது வானத்தைக் காட்டிப் பேசும் இடம் வந்ததும், “என்ன சொல்கிறது?” என்று கேட்டார். “வீட்டுக்குப் பேச வேண்டும் என்கிறது அம்மா” என்றேன். அப்போது எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. மாதம் ஒருமுறை நான் அழைப்பேன் என்று எதிர்வீட்டில் காத்திருந்து பேசுவார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அதற்கும் எதிர்வீட்டில்தான் போனா?” என்று கேட்டார்.

அந்தக் கேசட் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பச்சை கொஞ்சம் வெளிறிவிட்டது.

மினியாப்பொலிஸிலிருந்து:

தம்பி, உங்கள் அம்மா பார்த்த ‘ஈ.டி.’யை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. தங்கச்சி, அந்தப் புடவையை இனி மடிப்பு மாற்றி மாற்றி வையுங்கள், ஒரே மடிப்பில் பட்டு அறுந்துவிடும்.

என் பக்கத்தில் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. தென்துருவத்தில் உள்ள அமெரிக்க ஆய்வு நிலையத்தில், குளிர்காலத்துக்கு முன் கடைசி விமானம் கிளம்பிப் போனதும் தங்கிவிட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ‘தி திங்’ பார்ப்பது வழக்கம். அதைப் படித்துவிட்டு, சென்ற ஜனவரியில் வெளியே பனி கொட்டியபோது என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். முடிவில் எரியும் நிலையத்துக்கு முன்னால் இரண்டு பேர் மட்டும் எஞ்சி, ஒரே புட்டியைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் மனிதரில்லையோ என்ற ஐயம் தீராமலே படம் முடியும்.

“யார் அப்பா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் படத்தைப் பின்னோட்டி நிறுத்திவிட்டு, எழுந்து திரைக்கு அருகே போய், வலப்பக்கம் இருப்பவரின் வாயிலிருந்து மூச்சுப் புகை வருகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.