பிரேக் மிதித்தால் ரிவர்ஸ் எல்இடி எரிகிறது, எங்கே தப்பு?

ஏலக்காட்டு ஜீப்:
போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்குகிற பழைய மஹிந்திரா ஜீப் அண்ணே. திருப்ப இடமில்லாத தடம், பாதித் தூரம் பின்னால் எடுத்துத்தான் வரவேண்டும், மூடுபனி இறங்கிவிட்டால் இடது பக்கம் இருக்கிற ஒற்றை ரிவர்ஸ் பல்பை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாது. அதனால் போன வாரம் 18 வாட் எல்இடி இரண்டு வாங்கி, புது இரும்பு பம்பரில் நானே மாட்டினேன். பிளஸ்ஸை ரிவர்ஸ் பல்பு வயரிலிருந்தே எடுத்தேன், எர்த்தை, அதாவது பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வயரை, வண்டிச் சட்டமான சேசிஸில் சுரண்டிப் போட்டேன். ரிவர்ஸ் போட்டால் அருமையாக எரிகிறது. ஆனால் பிரேக் மிதித்தாலும் எரிகிறது! பகலில் மங்கலாக, ஹெட்லைட் போட்டிருந்தால் இன்னும் பளிச்சென்று. பின்னால் வருகிறவர் நான் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று ஹார்ன் அடிக்கிறார்.

டீசல் புகை:
எல்இடிக்குக் கொஞ்சம் கரண்ட் கசிந்தாலே போதும், எரியும். குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டுவிடு தம்பி, சரியாகிவிடும்.

12 வோல்ட்:
ரெசிஸ்டர் வேண்டாம். அது நோயை விட்டுவிட்டு இருமலை மட்டும் அடக்குகிற வேலை. தம்பி, மூன்று விஷயம் பார்த்துச் சொல். பிரேக், பார்க்கிங், ரிவர்ஸ் மூன்றும் ஒரே டப்பாவிலா? பிரேக் மிதிக்கும்போது இடது பிரேக் விளக்கு வலதைவிட மங்கலா? பகலில் லைட் எதுவும் போடாமல் பிரேக் மிதித்தால் மீட்டர் போர்டு விளக்கு லேசாக மினுக்குகிறதா?

ஏலக்காட்டு ஜீப்:
ஒரே டப்பாதான், இண்டிகேட்டர் மட்டும் தனி. இடது மங்கல்தான். மீட்டர் போர்டை இப்போது கையால் மறைத்துப் பார்த்தேன், ஆமாம், மினுக்குகிறது! எப்படிண்ணே தெரிந்தது?

12 வோல்ட்:
இடது டெயில் லாம்ப்புக்கு எர்த் இல்லை. பிரேக் இழை வழியாக வந்த கரண்ட் இறங்க வழியில்லாமல், அதே டப்பாவில் இருக்கிற ரிவர்ஸ் பல்பின் இழை வழியாகத் தலைகீழாக ஏறி ரிவர்ஸ் வயருக்குப் போகிறது, அங்கே நீ மாட்டிய எல்இடி நல்ல எர்த்தோடு காத்திருக்கிறது. பார்க்கிங் இழை வழியாகப் போவதுதான் மீட்டர் போர்டில் தெரிகிறது. நம்பாவிட்டால் ஒரு வயர் எடுத்து டெயில் லாம்ப்பின் எர்த் முனையிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராகத் தொட்டுப் பார். அதற்கு முன்னால் மல்டிமீட்டரில் எர்த் முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே எவ்வளவு என்று பார், பிரேக்கை மிதித்தபடி. 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்கவேண்டும்.

ஏலக்காட்டு ஜீப்:
7 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. வயரைத் தொட்டதும் எல்இடி அணைந்தது, பிரேக் விளக்கு பளிச்.

மேட்டுப்பாதை:
எதற்கு இவ்வளவு, சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற ரிலே சுவிட்ச் ஒன்று போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காதே.

12 வோல்ட்:
வந்திருக்கும், வேறு ரூபத்தில். ரிலே இழுக்கத்தான் வோல்டேஜ் நிறைய வேண்டும், இழுத்ததைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் போதும். கியரை எடுத்த பிறகும் பிரேக்கில் கால் இருக்கும்வரை எல்இடி அணையாது. எர்த் முதலில், ரிலே அப்புறம். ஆனால் ரிலே கட்டாயம் போடு தம்பி. இரண்டு எல்இடியும் சேர்ந்து 3 ஆம்பியர், பழைய பல்பு கிட்டத்தட்ட 2, இவ்வளவையும் கியர்பாக்ஸில் இருக்கிற சின்ன ரிவர்ஸ் சுவிட்ச் சுமக்கிறது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து, பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு. 87-லிருந்து எல்இடிக்கு. 86-க்கு ரிவர்ஸ் வயர், 85 எர்த். வயர் பம்பர் ஓட்டைக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால், அந்தத் தடத்தில் ஒரு மாதத்தில் தோல் உரிந்துவிடும்.

ஏலக்காட்டு ஜீப்:
கண்டுபிடித்துவிட்டேன். பம்பர் மாட்டும்போது டெயில் லாம்ப் எர்த் வயரின் முனை வளையத்தை (லக்) கழற்றி, வசதியாக இருக்கிறதே என்று பம்பர் பிராக்கெட்டில் முறுக்கியிருக்கிறேன். பிராக்கெட் முழுக்க பவுடர் கோட்டிங், கரண்ட் எங்கே போகும்? சேசிஸில் சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது 0.05 வோல்ட். ரிலேவுக்கு நாளைக்குப் போடி போகவேண்டும். பம்பர் மாட்டிய நாளிலிருந்து இடது பிரேக் விளக்கு மங்கலாக இருந்ததற்கு நான் இரண்டு பல்பு மாற்றினேன் அண்ணே, கழற்றிய இரண்டும் நல்ல பல்பு, டேஷ்போர்டில்தான் கிடக்கின்றன.