வெறும் 'ஸ்கிரிப்ட் எரர்.' மட்டும் வருகிறது, முழுப் பிழைச் செய்தியைப் பெற என்ன வழி?

நண்பர்களுக்கு வணக்கம். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதிய ஒரு வெப் ஆப். பயனர்களின் பிரவுசரில் வரும் பிழைகளை விண்டோ.ஆன்எரர் (பக்கத்தில் பிழை வந்தால் பிரவுசர் அழைக்கும் ஃபங்ஷன்) வழியாகப் பிடித்து எங்கள் சர்வருக்கு அனுப்புகிறோம். வந்து சேர்வதோ 'ஸ்கிரிப்ட் எரர்.' என்ற இரண்டே சொற்கள். வரி எண் 0, ஃபைல் பெயர் காலி, எந்த ஃபங்ஷன் வழியாகப் பிழை வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸும் இல்லை. அதே பிழையை என் கணினியில் வரவழைத்தால் கன்சோலில் முழு விவரமும் சிவப்பாகத் தெரிகிறது.

காரணம் ஓரளவு புரிகிறது. ஸ்கிரிப்ட் ஃபைல்கள் வேறு டொமைனில் உள்ள சிடிஎன்னிலிருந்து (ஃபைல்களைப் பல இடங்களிலிருந்து வேகமாக வழங்கும் சர்வர் வலையமைப்பு) வருவதால், பாதுகாப்புக்காகப் பிரவுசர் விவரத்தை மறைத்துவிடுகிறது. அன்ஹேண்டில்ட்ரிஜெக்‌ஷன் என்ற நிகழ்வு வழியாகப் பிடிக்கப் பார்த்த பிராமிஸ் (பின்னர் முடியும் வேலைகளின்) பிழைகள் 'ஸ்கிரிப்ட் எரர்.' என்ற செய்திகூட இல்லாமல் மொத்தமாகக் காணாமல் போகின்றன.

சரி என்று ஸ்கிரிப்ட் டேகில் கிராஸ்ஒரிஜின்="அனானிமஸ்" சேர்த்தேன். வேறு டொமைனுக்கு அனுமதி தரும் ஆக்சஸ்-கண்ட்ரோல்-அலவ்-ஒரிஜின் ஹெடரும் சிடிஎன்னில் வைத்தாயிற்று. எனக்கு நெட்வொர்க் டேபில் ஹெடர் வருகிறது. ஆனால் சில பயனர்களுக்கு ஸ்கிரிப்ட்டே லோடு ஆகவில்லை, வெள்ளைத் திரைதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை!

ஹெடர் இல்லாத பழைய ரெஸ்பான்ஸ் எங்கோ கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கிவிட்டது, அதனால் பிரவுசர் ஸ்கிரிப்ட்டைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். சிடிஎன்னில் பர்ஜ் செய்து (பழைய நகல்களை அழித்து), கேட்கும் டொமைனுக்கு ஏற்பத் தனித்தனி நகல் வைக்கச் சொல்லும் வேரி: ஒரிஜின் ஹெடரைச் சேர்த்தால் போதுமா? பயனரின் பிரவுசர் கேஷில் கிடப்பதற்கு ஃபைல் பெயரில் உள்ள ஹாஷை (பதிப்பை அடையாளம் காட்டும் குறியீட்டை) மாற்றுவதுதான் வழியா? இதைச் சமாளித்தவர்கள் எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். எல்லா ஃபங்ஷனுக்கும் டிரை-கேட்ச் (பிழையை அங்கேயே பிடிக்கும் கோட்) போடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.