பாட்டுக் கேட்டுக்கொண்டு படிச்சா மண்டையில ஏறுமா?

கொட்டியாரத்தான்:
மகன் இந்த வருசம் ஏஎல் (உயர்தரச் சோதனை). காதில ஹெட்செட், மேசையில போன், முன்னால கெமிஸ்ட்ரி. கேட்டா ரெண்டும் ஒண்டா செய்வன் அப்பா எண்டுறான். நேத்து போனைப் பறிச்சு அலுமாரியில வச்சுப் பூட்டிட்டன், இப்ப மனுசியும் என்னோட கதைக்கிறேல்ல. நான் செய்தது பிழையோ?

உப்புவெளிப் பெடியன்:
பிழைதான் அண்ணே. பத்திரகாளி கோயில் திருவிழாவில லவுட்ஸ்பீக்கர், மேளம், சனம், அதுக்குள்ள நிண்டு பக்கத்தில நிக்கிறவனோட கதைக்கிறம் தானே, மற்றச் சத்தமெல்லாம் தானா அடங்கிப்போகுது. 1953லயே கொலின் செரி எண்ட ஆராய்ச்சியாளர் ரெண்டு காதுக்கும் வேற வேற பேச்சுக் குடுத்து ஒண்டை மட்டும் திருப்பிச் சொல்ல விட்டுப் பாத்தவர், மற்றக் காதில என்ன கதைச்சது எண்டு ஆக்களுக்குச் சொல்லத் தெரியேல்ல. மூளை தேவையில்லாததைத் தள்ளிவிடும். பெடியனை விடுங்கோ.

டச்பே அக்கா:
தம்பி பாதிக் கதையோட நிப்பாட்டிட்டீங்க. 1959ல மோறே எண்ட ஆராய்ச்சியாளர் அதே மாதிரிச் சோதனையில, கவனிக்காத காதுக்குள்ள கேக்கிற ஆளின்ட சொந்தப் பேரைச் சொல்ல வச்சார். மூண்டில ஒரு பங்கு ஆக்களுக்கு அது கேட்டிருக்கு. அப்ப தள்ளிவிட்டதையும் மூளை ஒரு ஓரத்தில கேட்டுக்கொண்டுதான் இருக்கு. போன் 'டிங்' எண்டா அதுவும் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரித்தான், யார் அனுப்பினது எண்டு பாக்கும்வரைக்கும் கை சும்மா இருக்காது, பாத்திட்டு வந்தா கணக்கில எந்த வரியில விட்டது எண்டு தேடோணும்.

உப்புவெளிப் பெடியன்:
அது லேசான வேலைக்கு அக்கா. கவனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யிற நில்லி லாவி 1995ல சொன்னது என்ன, பாக்கிற வேலையே கண்ணை நிறைச்சிட்டா வேற ஒண்டும் உள்ள போக இடமில்லை எண்டுதானே.

டச்பே அக்கா:
கண்ணுக்கு நிறைய வேலை எண்டா சரி. ஆனா நாலஞ்சு பெறுமதியை மனசில வச்சுக்கொண்டு கணக்குச் செய்யேக்க நிலைமை தலைகீழ், அப்ப கவனம் இன்னும் கூடுதலாச் சிதறும் எண்டு 2004ல அதே லாவி ஆக்கள்தான் எழுதினவை. ஏஎல் கெமிஸ்ட்ரி இதில எது, நீங்களே சொல்லுங்கோ 😄

சீனக்குடாக்காரன்:
படிப்பை விடுங்கோ, கண்டி பஸ்ஸில சாரதி ஹேன்ட்ஸ்ஃப்ரீயில கதைச்சுக்கொண்டே ஓட்டுறார், கந்தளாய் தாண்டினா யானை குறுக்கால வாற ரோட்டு. கை ரெண்டும் ஸ்டியரிங்கில தானே எண்டு சிரிக்கிறார். கையில பிடிச்சுக் கதைச்சாலும் ஹேன்ட்ஸ்ஃப்ரீ எண்டாலும் சிக்னலைத் தவறவிடுறது ஒரே அளவுதான் எண்டு 2001ல ஸ்ட்ரேயர், ஜோன்ஸ்டன் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினவை. கண் ரோட்டில இருக்கும், மனசு கதையில.

உப்புவெளிப் பெடியன்:
கதைக்கிறது வேற, பாட்டு வேற. பாட்டுக்கு நாங்க பதில் சொல்லத் தேவையில்லையே.

டச்பே அக்கா:
அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா விளங்குற பாசையில வரி இருந்தா வாசிக்கிறதோட இடிபடும். வீணை, வயலின் எண்டா பெரிய கரைச்சல் இல்லை. கொட்டியாரத்தான் அண்ணே, பாட்டை விடுங்கோ, போன் அலுமாரியிலயே கிடக்கட்டும்.

கொட்டியாரத்தான்:
அந்தப் பாட்டே போனுக்குள்ள தானே கிடக்கு தங்கச்சி??

உப்புவெளிப் பெடியன்:
என்னட்ட பழைய எம்பித்ரீ பிளேயர் ஒண்டு இருக்கு அண்ணே, பின்னேரம் வந்து எடுங்கோ. வரியோட உள்ள பாட்டை நான் அழிக்கமாட்டன், அதையும் சொல்லிப்போட்டன்.