ஆஸ்கருக்கு முன் ஜெஃப்ரி ரஷ் எங்கே இருந்தார்?

கேள்வி: நேற்று பியானோ கலைஞர் ஒருவரின் கதையான ‘ஷைன்’ படம் பார்த்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. அதற்காக 1997இல் ஆஸ்கர் வாங்கும்போது ஆஸ்திரேலிய நடிகர் ஜெஃப்ரி ரஷ்ஷுக்கு 45 வயது. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில்: நாடகம்தான்! 1971இல் பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து தியேட்டர் கம்பெனியில் ஆரம்பித்தார். அப்புறம் பாரிஸில் ஜாக் லெகாக்கின் நாடகப் பள்ளி. உடம்பையே பேசவைக்கும் பயிற்சி. 1989இல் ரஷ்ய எழுத்தாளர் கோகலின் கதையில் வரும் பைத்தியக்காரக் குமாஸ்தாவாக மேடையேறினார். இயக்கியவர் நீல் ஆர்ம்ஃபீல்ட். என்னைக் கேட்டால், ‘ஷைன்’ நாயகனின் படபடப்புக்கு விதை அங்கேதான்.

பதில்: பியானோ காட்சிகளில் விரல்களைக் கவனியுங்கள். சிறுவயதில் விட்ட பியானோவைப் படத்துக்காக மறுபடி கற்றார்.

கேள்வி கேட்டவர்: நன்றி! பிறகு மேடையை விட்டுவிட்டாரா?

பதில்: எங்கே விட்டார்? 2009இல் அயனெஸ்கோ நாடகத்தில் சாக மறுக்கும் அரசனாக நடித்து அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியே வாங்கினார்.