அரசு நிதியில் புதுப்பித்த செட்டிநாட்டு வீடு: உள்ளூர்க்காரர்களுக்கும் 150 ரூபாய் டிக்கெட் நியாயமா?

கரணைக்காரன் (காரைக்குடி வட்டாரம்) கேட்டது:

எங்கள் ஊரில் ஒரு பழைய பெரிய வீட்டை அரசு நிதியில் புதுப்பித்து, மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ஊர்ப் பெயரையும் வீட்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. யாரோடும் சண்டைக்குப் போவது என் நோக்கம் இல்லை, டிக்கெட் விலையைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன். பெரியவர்களுக்கு 150 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு 75. பாரிஸிலிருந்து வருகிறவருக்கும் 150, பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவருக்கும் 150.

நான் கொத்தனார். அந்த வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுச் சுவர்களுக்குப் பூச்சு வேலை பார்த்தவர்களில் நானும் ஒருவன். செட்டிநாட்டுப் பூச்சைச் சிமெண்ட் பூச்சு போல நினைத்துவிடக் கூடாது. ஊறிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீர் விட்டு அரைத்து முதல் பூச்சு. அது இறுகிய பிறகு அதைவிட மெல்லியதாக அடுத்தது, அதற்கு மேல் இன்னும் மெல்லியதாக ஒன்று. கடைசிப் பூச்சுக்குத் துணியில் சலித்த சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு சேரும். ஈரம் வற்றுவதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடம் திட்டாகத் தெரியும், பிறகு எத்தனை தேய்த்தாலும் சேராது. அதனால் ஒரு சுவரைத் தொட்டால் அதை முடிக்காமல் சாப்பிடப் போக மாட்டோம். இந்த வேலை என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தது. இன்று எங்கள் பக்கத்தில் இது தெரிந்த கைகள் குறைவு.

திறந்த பிறகு அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பார்க்கப் போனேன். ஐந்து பேருக்கு 600 ரூபாய் என்றார்கள். என் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி அது. பிள்ளைகளை வாசலில் நிற்கவைத்து, முகப்புத் தூண்களை மட்டும் காட்டித் திரும்பிவிட்டோம். என் அம்மா சிறுவயதில் அந்த வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் நெல் அவித்தவர். முன்கட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இப்போதாவது பார்க்கட்டும் என்றுதான் கூட்டிப்போனேன்.

வேலை நடந்தபோது வாசலில் திட்ட மதிப்பீட்டுப் பலகை இருந்தது. திறப்பு விழாவுக்குப் பிறகு அதைக் காணோம். நான் கேட்பது இதுதான்: பொதுப்பணத்தில் புதுப்பித்த இடத்தில் டிக்கெட் விலையை யார் முடிவு செய்கிறார்கள்? உள்ளூர்க்காரர்களுக்குக் குறைக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா உள்ளே போகாமலே திரும்பும்படி ஆனது தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் டிக்கெட்டே கூடாது என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் வீடு பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) பொது. பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவோம், மற்ற நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கும். மழை வருவதற்கு முன் கூரை ஓடுகளைப் பிரித்து, உடைந்ததை எடுத்துவிட்டு மறுபடி வேய வேண்டும். ஒரு வருடம் விட்டால் தண்ணீர் தேக்கு உத்தரத்தில் இறங்கும். கரையானுக்கு மருந்து, காவலுக்கு ஆள், மின்கட்டணம் எல்லாம் உண்டு. இந்தச் செலவை யார் தலையில் போடுவது என்று முடிவாகாமலே பல வீடுகள் விழுந்தன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்கு வயிறு எரியும்.

2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தன. பெருமைதான். ஆனால் அதற்காக எங்கள் கூரை ஓடுகளை மாற்ற ஒரு ரூபாய் யாரும் கொடுத்ததில்லை. அரசு ஒரு வீட்டைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்தாலும் அது ஒரு தடவையோடு சரி. அடுத்த ஐப்பசி மழைக்கு அந்த வீடு தன் வருமானத்தில்தான் ஓடு வேய வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டுச் சுவர் அடியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. அதற்கே இன்னும் வழி பண்ண முடியவில்லை.

திருமயம் வேன் எழுதியது:

நான் பயணிகளை ஏற்றிக்கொண்டு இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் போகிறவன். திருமயம் கோட்டையில் மத்திய தொல்லியல் துறை நம்மவர்களிடம் வாங்குவது 25 ரூபாய், வெளிநாட்டவரிடம் 300. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். சித்தன்னவாசலிலும் அதே கணக்குத்தான். கீழடி அருங்காட்சியகத்தை 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துச் செட்டிநாட்டு பாணியிலேயே கட்டி 2023 மார்ச்சில் திறந்தார்கள். அங்கே பெரியவர்களுக்கு 15 ரூபாய், பள்ளி மாணவர்களுக்கு 5 ரூபாய் என்று வைத்தார்கள். கூட்டம் குறையவில்லை.

ஆச்சி சொல்லும் பராமரிப்புச் செலவு உண்மை. அந்தக் கோட்டைக்கும் அருங்காட்சியகத்துக்கும் பின்னால் துறையின் நிதி வருடாவருடம் வருகிறது, அந்த வீட்டுக்கு வராது. அதனால் 15 ரூபாய்க்கு நடத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் வேறு வழியில் வர இடம் இருக்கிறது. கல்யாண ஜோடிகள் புகைப்படக்காரரோடு வந்து அரை நாள் முற்றத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். சினிமா படப்பிடிப்புக்கு வாடகை உண்டு. நான் கூட்டிவரும் வெளிநாட்டுப் பயணிகள் 300 கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். அங்கே கூட்டி வாங்கி உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குறைக்கலாம்.

இன்னொன்று. உள்ளூர்ப் பிள்ளைகள் உள்ளே போனால்தான் நாளை வழிகாட்டியாக வேலை பார்க்க ஆள் கிடைக்கும். இப்போது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எப்படி வார்க்கிறார்கள் என்று பயணி கேட்டால் வாசலில் நிற்கும் பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியின் மேல் நிறம் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதை நான்தான் வண்டியில் வைத்துச் சொல்கிறேன்.

மனு எழுதுபவர் எழுதியது:

கேள்விக்கு நேராக வருகிறேன். விலையை யார் முடிவு செய்வது என்பது நிதி கொடுத்த துறையும் அறக்கட்டளையும் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் பேசிப் பயன் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, நிதி கொடுத்த துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். அறக்கட்டளைக்கு எழுதினால் “நாங்கள் தனியார்” என்று திருப்பி அனுப்பக்கூடும். கணிசமான அரசு நிதி பெறும் அமைப்பும் சட்டத்துக்குள் வரும் என்று பிரிவு 2(எச்) சொல்கிறது, ஆனால் அந்த வாதத்தில் மாதக்கணக்கில் நாள் போகும். துறை 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். “ஏன் இவ்வளவு விலை?” என்று கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: ஒப்பந்த நகல், அனுமதித்த தொகை, செலவுக் கணக்கு, நுழைவுக் கட்டணம் பற்றிய நிபந்தனை.

பதில் கைக்கு வந்ததும் கிராம சபையில் வையுங்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் உள்ளூர்க் கட்டணம் குறித்துத் தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மான நகலோடு திங்கட்கிழமை சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். தனியாக ஒருவர் கொடுக்கும் மனுவைவிட அதற்கு எடை அதிகம்.

கரணைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இலவசமாக விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கையால் செய்த வேலைக்கும் அதைக் காப்பாற்றவும் காசு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஊராட்சியில் குடியிருப்பவர்களுக்கு 30 ரூபாய், உள்ளூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரு நாள் இலவசம், அந்த வீட்டில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்துக்கு ஒரு முறை அனுமதி. மதிப்பீட்டுப் பலகை பழைய இடத்துக்கே வர வேண்டும், அதற்குக் கீழே வருடாந்திர வரவுசெலவும் எழுத வேண்டும். இவ்வளவுதான் தீர்மானத்தில் கேட்கப்போகிறேன். விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்புகிறேன். வேன்காரர் அண்ணன் சொன்ன கட்டண விவரத்தையும் தீர்மானத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

ஆச்சி, உங்கள் இரண்டாம் கட்டுச் சுவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் வந்து சொன்னாலும் அங்கே சிமெண்ட் பூச விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் ஏறும் ஈரம் பூச்சு வழியாகவே வெளியே போய்விடும். சிமெண்ட் போட்டு அடைத்தால் அந்த ஈரம் மேலே ஏறி நல்ல பூச்சையும் உதிர்க்கும். முதலில் சுவருக்கு வெளிப்பக்கம் மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் இரண்டு கூரைச் சரிவு சேரும் இடத்தில் இருக்கும் கூடல்வாய்த் தகரம் ஓட்டையாகி அடித்தளத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, உதிர்ந்த இடத்தை மட்டும் செங்கல் தெரியும்வரை கொத்திவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். அதன் பிறகு சுண்ணாம்புப் பூச்சு வைக்கலாம்.