பள்ளி மாணவர்களுக்கு எந்தத் தமிழ் விசைப்பலகையைக் கற்றுத்தருவது?

கேள்வி: கணினி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் கணினி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். வரும் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி தொடங்க இருக்கிறோம். ஆங்கிலத்துக்கு இப்படியொரு கேள்வியே எழவில்லை. எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் குவெர்ட்டி ஒன்றுதான். தமிழுக்கோ தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என்று பட்டியல் நீள்கிறது. மாலையில் தட்டச்சுப் பயிலகத்துக்குச் செல்லும் மாணவர்கள் ஒரு முறையில் பழகியிருக்கிறார்கள். மற்றவர்கள் ஒலிபெயர்ப்பு முறையில், கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக்கிக்கொள்கிறார்கள்.

தமிழுக்கென்று அதிகாரபூர்வமான தர விசைப்பலகை ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது ஏன் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை? ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் ஒரே அமைப்பை நிறுவ வேண்டுமானால் எதைத் தேர்ந்தெடுப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: மென்பொருள் எழுதுநர்

ஐயா, அதிகாரபூர்வமான தரம் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் பரிந்துரையை ஏற்று, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்த அமைப்புதான் தமிழ்99. ஆகவே தரம் இல்லை என்பது சிக்கலன்று. ஆளுக்கொரு தரம் அறிவித்துவிட்டார்கள் என்பதே சிக்கல். நடுவண் அரசு முன்வைத்த இன்ஸ்கிரிப்ட், 1991ஆம் ஆண்டின் ஐஎஸ் 13194 என்ற இந்தியத் தரத்தில் இடம்பெற்றது. விண்டோஸ் இயங்குதளத்தோடு தமிழுக்காகப் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்ததும் அதுதான்.

இன்ஸ்கிரிப்டின் நோக்கம் நல்ல நோக்கமே. இந்தியில் க ஒலிக்குரிய எழுத்து எந்த விசையில் இருக்கிறதோ அதே விசையில் தமிழின் ககரமும் இருக்கும். ஒரு மொழியில் பழகியவர் இன்னொன்றுக்கு எளிதாக மாறலாம். ஆனால் அந்தப் பொதுமைக்குத் தமிழ் கொடுக்கும் விலை அதிகம். வல்லெழுத்தின் நான்கு வகைகளுக்காக ஒதுக்கிய இடங்கள் தமிழில் வெறுமையாகக் கிடக்க, நாம் ஓயாமல் பயன்படுத்தும் ன, ற, ள, ழ, ண ஐந்தும் ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டிய இடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டன. 'என்றான்' என்ற ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். இன்ஸ்கிரிப்டில் எ, ன, புள்ளி, ற, கால், ன, புள்ளி என்று ஏழு முறை தட்ட வேண்டும். அவற்றில் நான்கு முறை ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். தமிழ்99இல் எ, ன, ற, ஆ, ன, புள்ளி என்று ஆறு தட்டல்கள் போதும். ஷிஃப்ட் தேவையே இல்லை. கதை எழுதுகிறவர் ஒரு பக்கத்தில் எத்தனை 'என்றான்' எழுதுவார் என்று எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

இதற்குக் காரணம், தமிழ்99 தமிழின் எழுத்திலக்கணத்தையே விசைப்பலகைக்குள் கொண்டுவந்திருப்பதுதான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்துகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். கால், கொம்பு, விசிறி என்று தனித்தனியாக எதையும் தேட வேண்டியதில்லை; மெய்யை அடுத்து உயிரை அடித்தால் உயிர்மெய் தானாக உருவாகும். உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால் இரு கைகளும் மாறி மாறி இயங்கும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அடித்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தை அடித்தாலும், முதலெழுத்தின் மீது புள்ளி தானாக விழும். பள்ளியில் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று இனவெழுத்துகளை ஒப்பித்த பிள்ளைகளுக்கு இதை விளக்க அரை மணி நேரம்கூடத் தேவைப்படாது.

மறுமொழி: தட்டச்சுப் பயிலக ஆசிரியை

மேலே சொன்னவற்றோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் பழைய தட்டச்சு முறையில் பழகுகிறவர்களை விவரம் அறியாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளுக்காகவே எங்களிடம் பிள்ளைகள் வருகிறார்கள். அரசுத் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்; வேலை கிடைக்கும் வழி எதுவோ அதைத்தான் பெற்றோர் பணம் கட்டிப் படிக்க வைப்பார்கள். தமிழ்99 ஏன் பரவவில்லை என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னுடைய விடை இதுதான்: அரசாணை ஒன்றைச் சொன்னது, தேர்வுக்கூடம் இன்னொன்றைக் கேட்டது.

முறை என்ற அளவில் பார்த்தால், தட்டச்சுப் பொறியின் அமைப்பு கணினிக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'கொ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க, அதன்பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கிறோம். தாளில் அச்சு விழும் பொறிக்கு வேறு வழியில்லை. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடோ மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் சேமிக்கிறது. நாம் அடிப்பதை மென்பொருள் இடையில் நின்று மாற்றி அடுக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே பயிலகத்தில் பழகிய மாணவர்களை மட்டும் தயவுசெய்து கட்டாயப்படுத்தி மாற்றாதீர்கள். தேர்வு நெருங்கும் நேரத்தில் விரல்கள் குழம்பிப்போகும்.

மறுமொழி: யாழ்ப்பாண வாசகர்

இலங்கை நிலைமையையும் குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். இங்கே 2008இல் வந்த எஸ்எல்எஸ் 1326 என்ற தரம் ரெங்கநாதன் தட்டச்சு அமைப்பை ஒட்டியது. அதற்கு முன்பிருந்தே பாமினி எழுத்துருவோடு பழகிய கைகளும் ஏராளம். தட்டச்சுப் பொறியைத் தமிழுக்குக் கொண்டுவந்த ஆர். முத்தையா சுண்டிக்குளியில் பிறந்தவர் என்பதால் எங்களுக்கு அந்தப் பொறியின் மீது தனிப் பற்று உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு! ஆக, தமிழ் எழுதும் இரு நாடுகளில் இரு தரங்கள். உங்கள் மாணவர்களுக்குத் தமிழ்99 சரியான தெரிவுதான். இங்குள்ள ஆசிரியர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் நான் அதே விடையைச் சொல்லமாட்டேன்.

இன்னொன்று: சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி எழுத்துகளும் அச்சிட்ட விசைப்பலகைகள் இங்கே உண்டு. விசையின் மேல் எழுத்தைக் காண்பது தொடக்கநிலையில் பெரிய உதவி. உங்கள் ஆய்வகத்தில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருந்தால் ஒட்டிகள் வாங்கி ஒட்டிவிடுங்கள்.

மறுமொழி: மெய்ப்புத் திருத்துநர்

ஒலிபெயர்ப்பு முறை பற்றி எவரும் பேசவில்லை. கைப்பேசியில் உரையாட அது போதும். ஆனால் ந, ன, ண மூன்றையும் ஓர் ஆங்கில எழுத்துக்குள் அடக்கிவிட்டு, எது பொருந்தும் என்று மென்பொருளின் ஊகத்துக்கு விட்டுவிடும் பிள்ளை, எழுத்துக்கூட்டலைத் தானே கற்க வாய்ப்பில்லை. கட்டுரைகளைத் திருத்தும்போது நான் அன்றாடம் காண்பது 'கௌரவம்' என்பதில் கெ போட்டு அடுத்து ளகரத்தை அடித்திருப்பது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. ஔகாரத்துக்குத் தனி விசை இருக்கிறது என்று முதல் வகுப்பிலேயே காட்டிவிடுங்கள்.

மறுமொழி: கணினி ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. தமிழ்99 என்று முடிவு செய்கிறோம். பயிலக மாணவர்களுக்குப் பழைய அமைப்பையும் கணினியில் வைத்திருப்போம். எங்கள் ஆய்வகத்தில் லினக்ஸ் இயங்குகிறது. அதில் தமிழ்99 என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தெரிவுகள் தென்படுகின்றன. எதை எடுப்பது?

மறுமொழி: மென்பொருள் எழுதுநர்

பெயரை நம்ப வேண்டாம். சிலவற்றில் எழுத்துகளின் இடம் மட்டுமே தமிழ்99இன்படி இருக்கும். தானாகப் புள்ளி விழும் விதிகள் இருக்கமாட்டா. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டிப் பாருங்கள். 'அம்மா' வந்தால் முழுமையான தமிழ்99. 'அமமஆ' வந்தால் அதை நீக்கிவிட்டு, லினக்ஸின் உள்ளீட்டு மென்பொருளான ஐபஸ் வழியாக, எம்17என் என்ற பன்மொழி விசைப்பலகைத் தொகுப்பில் உள்ள தமிழ்99ஐ நிறுவுங்கள். அடுத்து 'மனனம்' என்ற சொல்லை அடிக்கச் சொல்லுங்கள். நேராக அடித்தால் 'மன்னம்' என்று வரும். முதல் னகரத்துக்குப் பின் அகர விசையைத் தட்டிவிட்டு அடுத்த னகரத்தை அடித்தால்தான் புள்ளி விழாமல் இருக்கும். மாணவர்கள் தடுமாறும் இடம் இது ஒன்றுதான், ஆகவே முதல் வாரத்திலேயே பழக்கிவிடுவது நல்லது.