2024 ஜனாதிபதி எலக்சன் நேரம் ஆரோட சண்டை பிடிச்சீங்கள்? அனுபவத்தைக் கொட்டுங்கோ

கொக்குவில்_பெடியன்:

எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில 2024 செப்டெம்பர் முழுக்கச் சண்டை. உங்கட வீடுகளிலயும் அப்பிடித்தான் இருந்திருக்கும், அதால முழுசா விளக்கேல்லை. எல்லாம் சின்னத்துக்குத்தான்: ஒரு பக்கம் சங்கு (தமிழ்ப் பொது வேட்பாளர்), ஒரு பக்கம் ரெலிபோன் (சஜித்), கொழும்பு மச்சான் சிலிண்டர் (அப்ப ஜனாதிபதியா இருந்த ரணில்), கம்பஸ் படிக்கிற தங்கச்சி திசைகாட்டி (அனுர). ஸ்காபரோ பெரிய மாமா எங்களுக்கு விடியுற நேரம் பாத்து நீள நீளமா வொய்ஸ் நோட் போடுவார். தமிழன் எண்டாச் சங்கு, ரெண்டாவது தெரிவு ஒருத்தருக்கும் போடக்கூடாது, காசுப் பிரச்சினை சிங்களவன்ர பிரச்சினை அது வரும் போகும், எங்கட பிரச்சினை 75 வருசப் பிரச்சினை, இதுதான் தினமும்.

அம்மா அந்தக் குறூப்பில பூப்படத்தோட காலை வணக்கம் போடுறதைத் தவிர வாயே திறக்காதவ. அண்டைக்கு ஒரு படம் போட்டா. பூ எண்டு நினைச்சுத் திறந்தா கறண்ட் பில். ரெண்டு பில், ஒண்டு 2022 ஓகஸ்ட்டில விலை கூட்ட முந்தினது, மற்றது புதுசு, மேசையில பக்கத்துப் பக்கத்தில வச்சு எடுத்திருக்கிறா, மூலையில அவவின்ர மூக்குக்கண்ணாடிக் கூடும் தெரியுது. கீழ ஒரே ஒரு வரி: "அண்ணை இது தமிழ் பில்லோ சிங்கள பில்லோ".

ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை. பாத்தவையின்ர எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகுது. பேந்து மாமா குறூப்பை விட்டுப் போட்டார், இண்டை வரைக்கும் திரும்பி வரேல்லை. அம்மா ஆருக்குப் போட்டவ எண்டதுதான் எனக்கு மண்டைக்குள்ள குடையுது. கேட்டா "அது ரகசிய வாக்கெடுப்பு" எண்டுறா. சோறு போட்டுக்கொண்டு சொல்லுறா இதை.

உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்ததோ?

கொழுந்துமலை:

எங்க பக்கம் கத வேற. நான் கொழும்புல சாப்பாட்டுக் கடையில வேல, ஓட்டுக்கு முந்துன வாரம் ஹட்டன் பக்கம் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்துக்கு நாள் சம்பளம் 1700னு மே மாசம் பெருசா சொன்னாங்கல்ல, அது கோர்ட்டு கேசுன்னு நின்னு போச்சு, அப்புறம் எலக்சனுக்குப் பத்துப் பதினோரு நாள் இருக்கையில 1350னு கெசட் வந்துச்சு. அத வச்சு கோயில்ல மீட்டிங். தலைவரு கொழும்புலருந்தே வந்துட்டாரு, மால பொன்னாட எல்லாம் ஆச்சு, சிலிண்டருக்குப் போடணும்னு சொன்னாரு, எல்லாரும் கை தட்டுனாங்க.

எங்க சித்தி எந்திரிச்சா. மடியிலருந்து பே சீட்ட எடுத்து விரிச்சுப் புடிச்சுக்கிட்டு, "தலைவரே, சொன்ன கிலோ எடுக்கலன்னா எங்களுக்கு அரப்பேருதான், பாதி நாள் சம்பளந்தான் போடுறாங்க. கெசட்டுல அரப்பேருக்கு எவ்வளவுன்னு போட்டுருக்கா?" அப்படின்னு கேட்டா. கோபமா எல்லாம் இல்ல, மெய்யாலுமே தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. தலைவரு டீய எடுத்துக் குடிச்சாரு. குடிச்சாரு குடிச்சாரு, அந்தச் சின்ன கப்புல அவ்வளவு டீ எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல. பக்கத்துல இருந்த ஆளு மைக்க வாங்கி "அடுத்ததா" ன்னு ஆரம்பிச்சிட்டாரு.

2022ல கோதும மா 400 ரூவாய்க்கு வித்தப்ப ரொட்டிய பாதி பாதியா பிச்சுப் புள்ளைங்களுக்குக் குடுத்தவ அவ. நுவரெலியா மாவட்டத்துல சஜித்து மேல வந்தாரு, அதுக்கு ஆயிரம் காரணம் சொல்றாங்க. எனக்கு அந்த டீ கப்புதான் ஞாபகம் வருது.

வெள்ளவத்தைக்_கணக்கு:

கொக்குவில் தம்பி, கோவிக்காதேங்கோ, அம்மாட்ட ஒண்டு கேளுங்கோ. 2019 டிசம்பரில அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டா (கோட்டாபய) வற் வரியை 15 வீதத்தில இருந்து 8 ஆக்கினார், அப்ப ஆரும் பில் படம் போட்டவையோ? எல்லாரும் சந்தோசமா ரீவி வாங்கினவை. வருமானத்தை வெட்டினாப் பிறகு காசு அச்சடிச்சுத்தான் ஓடினது, பிறகு உரத்தைத் தடை செய்து நெல்லையும் தேயிலையையும் கவுட்டது, 2022 ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது எண்டு கையை விரிச்சது. அந்த செப்டெம்பரில கொழும்பில பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது, சாப்பாட்டுச் சாமான் மட்டும் எடுத்தா 95 வீதத்துக்குக் கிட்ட. 2024 எலக்சன் மாதம் அது பூச்சியத்துக்கும் கீழ. இடையில 2023 மார்ச்சில ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடன், கிட்டத்தட்ட 300 கோடி டொலர், அதுவும் தவணை தவணையா. பில் கூடினது அந்த மருந்தின்ர விலை. இதைச் சொன்னா என்னை ரணில்ட ஆள் எண்டுவீங்கள், சொல்லிக்கொண்டு போங்கோ.

சரி அனுபவம் கேட்டீங்கள். எலக்சனுக்கு முதல் கிழமை காலி வீதியில திரீவீல் ஏறினன், பாணந்துறைச் சிங்களவர், அம்பது வயசிருக்கும். அவற்ற சீற்றுக்குப் பின்னால 2022ன்ர எரிபொருள் கியூஆர் கோட் இன்னும் ஒட்டிக் கிடக்கு, லெமினேற் போட்டது, வெயில்ல கறுப்பு மண்ணிறமாப் போட்டுது. ஏன் இன்னும் கழட்டேல்லை எண்டு கேட்டன். "இருக்கட்டும் சேர், எப்ப திரும்பி வேணுமோ தெரியாது" எண்டார். அப்ப பெற்றோல் லைனுக்குள்ள ரெண்டு இரவு திரீவீலுக்குள்ளயே மடங்கிப் படுத்தவராம். அப்ப ரணிலுக்குத்தானே போடுவீங்கள் எண்டன். அந்தாள் கண்ணாடியில என்னைப் பாத்து, "ரணில் மாத்தயா லைனை முடிச்சார், சரி. அவரை அந்தக் கதிரையில இருத்தின 134 எம்பிமாரும் ஆர்ட ஆக்கள் சேர்?" எண்டு கேட்டார். நான் கணக்கெல்லாம் எடுத்துச் சொன்னன். கடன் மறுசீரமைப்பு, கையிருப்பு, எல்லாம். சிவப்பு லைற்றில நிண்டு முழுசாக் கேட்டார், கேட்டுப்போட்டு "சேர் நல்லா விளங்கப்படுத்துறீங்கள், நான் திசைகாட்டிக்குத்தான்" எண்டார். மிச்சக் காசும் தரேல்லை.

மண்ணெண்ணெய்_வள்ளம்:

மருந்தின்ர விலையாம். அண்ணை நீங்கள் அந்த மருந்தைக் குடிச்சனீங்களோ இல்லாட்டி எங்களுக்குப் பருக்கினனீங்களோ. 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரே இரவில 340. வள்ளம் ஒருக்காக் கடலுக்குப் போய் வாற செலவுக்கு மீன் படாட்டி கடன். லைன் முடிஞ்சது முடிஞ்சது எண்டு எல்லாரும் ஆலாத்தி எடுக்கிறீங்கள், எங்கட கரையில லைன் முடிஞ்சது ஏனெண்டா வாங்கக் காசில்லாமச் சனம் போகாமல் விட்டதால. வெளிக் கடனைக் கட்டாமல் விட்டா ஆருக்கும் கையில டொலர் மிஞ்சும்தானே, அதுக்கென்ன கெட்டித்தனம்.

என்ர கதை சின்னது. எங்கட சங்கக் கட்டடத்தடியில நோட்டீஸ் குடுக்க வந்தவை, சிலிண்டர் படம் போட்டது. காஸுக்கு ரோட்டில நிண்டு சனம் மயங்கி விழுந்த நாட்டில சிலிண்டரைச் சின்னமா எடுக்க ஒரு துணிவு வேணும், அதை நான் பாராட்டுறன். வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர் ஒராள் நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பாத்துப்போட்டு "தம்பி, மண்ணெண்ணெய்ப் பரல் சின்னமெண்டா யோசிச்சிருப்பன்" எண்டு மடிச்சு வலை ஊசிக்குக் கீழ வச்சார், காத்துக்குப் பறக்காமல். நோட்டீஸ் குடுத்த பெடியனும் சிரிச்சிட்டான். அவனும் எங்கட ஊர்தான், நாள் கூலிக்கு வந்தவன்.

கல்முனைக்_காத்து:

134 எண்ட நம்பரக் கண்டதும் எழுத வந்துட்டன். 2022 ஜூலை 20, பாராளுமன்றத்துக்குள்ள ஜனாதிபதி தெரிவு. கோட்டா மாலைதீவுக்குப் போய் சிங்கப்பூருக்குப் போய் அங்கருந்து ராஜினாமா அனுப்பி ஒரு கிழமதான். சனம் ஓட்டுப் போடல்ல, எம்பிமார்தான் போட்டாங்க. அண்டைக்கி நான் பெற்றோல் செட் லைனுக்குள்ள, பவுசர் (எண்ணெய் லொறி) வருது வருது எண்டு விடிய இருந்து நிக்கம், எனக்கி முன்னால ஒரு வேன், பின் கண்ணாடி முழுக்கத் தூசி.

ஆரோ ரேடியோவப் பெருசா வெச்சாங்க. எங்கட ஊர்க்காரர் ஒராள், பேர் வேணாம், விரலால அந்தத் தூசில எழுதினாரு. ரணில் 134. டளஸ் 82. அனுர 3. லைன்ல நிண்ட எல்லாருக்கும் கொதி, சனம் வீதிக்கி இறங்கித் துரத்தினது இதுக்கா எண்டு, ஆனா அந்த மூணப் பாத்ததும் எல்லாரும் சிரிச்சிட்டம். அந்தாள் அந்த மூண மட்டும் கையால அழிச்சிட்டு "இதெல்லாம் ஒரு கணக்கா" எண்டாரு. அண்டைக்கி பவுசரும் வரல்ல.

2024ல அந்த மூணு 56 லட்சமா வந்திச்சி. அதே ஆள் திசைகாட்டிக்கி வீடு வீடா ஏறி இறங்கினவரு, எங்கட வீட்டுக்கும் வந்தாரு, நானா வாங்க இரிங்க எண்டு பிளேன்டி குடுத்தம். வேன் கண்ணாடியப் பத்திக் கேட்டன். "அது நான் இல்ல, வேற ஆரோ" எண்டாரு. மூஞ்சில ஒரு அசைவில்ல. பக்கத்துல என்ட உம்மா, அவவும் அண்டைக்கி லைனுக்குச் சோத்துப் பார்சல் கொண்டு வந்தவ, "இவருதானே மனே" எண்டு என்னப் பாக்கிறா.

வள்ளம் தம்பி சொன்னதுல ஒண்டு பிழ. காசில்லாம மட்டும் லைன் முடியல்ல, கியூஆர் வந்த பொறகு கள்ளத்தனமா பரல்ல சேக்கிறவன் கொறஞ்சான், அதுவும் இருக்கி.

எண்ணும்_நிலைய_டீச்சர்:

நான் 2024 எலக்சன் இரவு வாக்கெண்ணும் நிலையத்தில கடமை. ஊரடங்கு போட்டு ரோட்டில நாய்கூட இல்லை. அடுத்த நாள் பின்நேரம் ரெண்டாம் எண்ணிக்கை எண்டு சொன்னவுடன எங்கட மேசையில இருந்தவை ஆளையாள் பாத்தம், நாட்டில முன்னப்பின்ன ஒருக்காலும் நடக்காதது, பயிற்சியில சொன்னதை ஒருத்தரும் கவனமாக் கேட்டிருக்கேல்லை. ஒரு சேர் பையைத் துழாவிக் கையேட்டை எடுத்தார். அவ்வளவுதான் என்ர அனுபவம்.

ஆனா ஒண்டு சொல்ல வேணும், கொக்குவில் தம்பியின்ர மாமா மாதிரி ஆக்கள் ரெண்டாவது தெரிவு போடாதே எண்டு சொல்லுறது எனக்கு வயிறு எரியும். தயவுசெய்து இதை விளங்கிக்கொள்ளுங்கோ. சீட்டில பட்டியல் சுவர்க் கலண்டரை விட நீளம், அதில ஒருத்தருக்கு மட்டும் புள்ளடி போட்டாலும் செல்லும், 1 எண்டு மட்டும் எழுதினாலும் செல்லும். 1, 2, 3 எண்டு மூண்டு பேருக்கும் போடலாம். ரெண்டு பேருக்குப் புள்ளடி போட்டாச் சீட்டுப் பழுது. ஒருத்தருக்கும் 50 வீதத்துக்கு மேல வராட்டி முதல் ரெண்டு பேரையும் வச்சுக்கொண்டு மற்றவை எல்லாரும் வெளியில. வெளியில போனவருக்கு 1 போட்ட சீட்டை மட்டும்தான் திரும்பி எடுத்து, அதில 2 அந்த ரெண்டு பேரில ஆருக்கெண்டு பாப்பம், அதுவும் இல்லாட்டி 3. ஆகவே முதலாவது தெரிவுக்கு ஒரு சேதமும் இல்லை, சங்குக்கு 1 போட்டவர் 2 போட்டா சங்குக்கு ஒரு வாக்குக் கூடக் குறையாது. இதைத்தான் சனத்துக்குச் சொல்லித் தாறதுக்கு ஆளில்லை.

இப்ப பாருங்கோ. அனுர 42.31 வீதம், சஜித் 32.76 வீதம், மற்றவை எல்லாற்ற வாக்கையும் கூட்டினா 33 லட்சம் சீட்டு. அதில ரெண்டாம் மூண்டாம் தெரிவால அனுரவுக்குப் போனது 1,05,264, சஜித்துக்கு 1,67,867. கூட்டிப் பாருங்கோ, 2,73,131. மிச்சம் 30 லட்சத்துக்கு மேல சீட்டில எங்களுக்கு எடுக்க ஒண்டுமில்லை. ரணிலுக்கு மட்டும் 23 லட்சம் பேர் போட்டவை, அதில பெரும்பாலும் படிச்ச ஆக்கள் எண்டு சனம் கதைக்குது. வெள்ளவத்தை அண்ணை, உங்களைத்தான் சொல்லுறன், நீங்கள் 2 போட்டனீங்களோ? அடுத்த முறை எல்லாரும் வீட்டில ஒரு கடதாசியில எழுதிப் பழகிப்போட்டுப் போங்கோ, சீட்டை மடிக்கேக்க மை படாமல் மடியுங்கோ, வயசானவைக்கு முதல் நாளே சொல்லிக் குடுங்கோ, வாக்காளர் அட்டை வராட்டியும் அடையாள அட்டையோட போகலாம்.

வெள்ளவத்தைக்_கணக்கு:

டீச்சர் 1 மட்டும்தான் போட்டனான். நான் போட்டவர் வெல்லுவார் எண்டு நினைச்சிருந்தா ஏன் 2.

வள்ளம் தம்பிக்கு: வெளிக் கடனைக் கட்டாததால மட்டும் டொலர் மிஞ்சேல்லை, சுற்றுலா வந்தது, வெளிநாட்டில இருந்து உண்டியலை (பாங்குக்கு வெளியால காசு அனுப்புற முறையை) விட்டுப்போட்டு பாங்கால காசு வரத் தொடங்கினது. ஆதாரம் மத்திய வங்கியின்ர தளத்தில கிடக்கு.

பிரம்டன்_குளிர்:

பாங்கால அனுப்பினது ஆர்? நாங்கள்தான். கொக்குவில் தம்பி, உங்கட மாமாவைப் போட்டு வாங்கிறீங்கள், 2022ல டொலர் கறுப்புச் சந்தையில 400 போகேக்க அந்த மாமா உங்கட வீட்டுக்குக் காசு அனுப்பினவரோ இல்லையோ, அதை எழுதுங்கோ முதல். நாங்கள் இங்க ரெண்டு வேலை செய்துபோட்டு இரவில இருந்து உங்கட செய்தியைத்தான் பாக்கிறம். எங்களுக்கு அங்க வாக்குமில்லை. கதைக்கவும் கூடாதெண்டா எப்பிடி? என்ர சொந்த மச்சாள் என்னைக் கேட்டவ, "நீங்கள் எந்த லைனில நிண்டனீங்கள்" எண்டு. வெஸ்டர்ன் யூனியன் லைனில எண்டு சொல்ல வாய் வந்தது, விழுங்கிப்போட்டன்.

கொக்குவில்_பெடியன்:

அனுப்பினவர்தான். அந்தக் காசிலதான் சோலார் லைற் வாங்கினது, 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டின நாளில தங்கச்சி அதிலதான் படிச்சவள். அதை நான் மறுக்கேல்லை. அதுக்காக விடியக் காலமை வொய்ஸ் நோட் முழுக்கக் கேக்க வேணுமோ? நீங்கள் விழுங்கினதை மச்சாளுக்குச் சொல்லியிருக்கலாம் அண்ணை, நல்ல பதில்.

மண்ணெண்ணெய்_வள்ளம்:

டீச்சர், நவம்பரில பாராளுமன்ற எலக்சனுக்கும் ஆக்கள் 1, 2, 3 எண்டு எழுதிப்போட்டு வந்தவை எண்டு எங்கட ஊரில ஒரு கதை. அது செல்லுமோ?

எண்ணும்_நிலைய_டீச்சர்:

ஐயோ இல்லை. அது வேற முறை. அங்க கட்சிக்குப் புள்ளடி, பிறகு கீழ விருப்பு இலக்கத்தில கூடினது மூண்டுக்குப் புள்ளடி. விரிவா எழுதட்டோ?

மண்ணெண்ணெய்_வள்ளம்:

வேண்டாம் டீச்சர், கடலுக்குப் போகோணும்.